மாக்கரோனியும் ஒற்றைப் பாத்திரமும்

1970ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மேற்குக் கரையோர மளிகைக் கடைகளில் ஒரு புதிய அட்டைப்பெட்டி விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் 'ஹாம்பர்கர் ஹெல்ப்பர்'. தயாரித்தவர்கள் ஜெனரல் மில்ஸ் என்னும் மாவு ஆலைக் கம்பெனியார். உள்ளே இருந்தவை இரண்டே பொருள்கள்: உலர்ந்த மாக்கரோனித் துண்டுகள், மசாலாத்தூள். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் அரைத்த மாட்டிறைச்சியை வாணலியில் வதக்க வேண்டும். பெட்டியில் உள்ளதைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி மூடிவைக்க வேண்டும். அரை மணி நேரத்திற்குள் ஐந்து பேருக்கு இரவு உணவு தயார். கழுவ வேண்டிய பாத்திரமும் ஒன்றே ஒன்று.

1971இல் இந்தப் பெட்டி அந்நாடு முழுவதும் பரவிவிட்டது. இது வெறும் வியாபாரச் செய்திதானே, இதில் விஞ்ஞானமும் வரலாறும் எங்கே இருக்கின்றன என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த வாணலிக்குள் சற்று உற்றுப் பாருங்கள். மாக்கரோனி, இறைச்சி, தக்காளி, தண்ணீர், வெப்பம் ஆகிய ஐந்தும் அங்கே கூடியிருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நீண்ட கதை உண்டு. இறைச்சி எட்டாக்கனியான காலங்களில் மக்கள் எதை உண்டு உடலைக் காத்துக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கதைகள் விடை சொல்கின்றன.

மார்க்கோ போலோ கொண்டுவந்தாரா?

மாக்கரோனியைச் சீனாவிலிருந்து இத்தாலிக்குக் கொண்டுவந்தவர் மார்க்கோ போலோ என்று பலர் படித்திருப்பீர்கள். இது உண்மையன்று. மார்க்கோ போலோ வெனிஸ் நகருக்குத் திரும்பியது 1295இல். ஆனால் ஜெனோவா நகரில் 1279இல் எழுதப்பட்ட ஒரு சொத்துப் பட்டியல் இன்றும் இருக்கிறது. ஒரு போர்வீரன் விட்டுச்சென்ற பொருள்களின் பட்டியல் அது. அதில் மாக்கரோனி நிறைந்த ஒரு கூடையும் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது. பயணி திரும்புவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியில் மாக்கரோனி ஒரு சொத்தாக மதிக்கப்பட்டிருக்கிறது!

அப்படியானால் இந்தக் கட்டுக்கதை எப்படிப் பரவியது? 1929இல் அமெரிக்க மாக்கரோனி உற்பத்தியாளர் சங்கத்தின் பத்திரிகை ஒரு கற்பனைக் கதையை வெளியிட்டது. விளம்பரத்திற்காக எழுதப்பட்ட அந்தக் கதையே நாளடைவில் வரலாறு போல நிலைத்துவிட்டது.

சீனர்களுக்கும் நூல் போன்ற மாவுணவு மிகப் பழமையானதே. அங்கே லாஜியா என்னுமிடத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கிண்ணத்தின் அடியில் ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையான நூலுணவு கிடைத்ததாக 2005இல் அறிவிக்கப்பட்டது. அது தினை போன்ற சிறுதானியங்களால் ஆனது என்றார்கள். அத்தானியங்களின் மாவை அப்படி இழுத்து நூலாக்க முடியுமா என்று வேறு சில ஆராய்ச்சியாளர்கள் ஐயம் எழுப்பினார்கள். எப்படியாயினும், மத்தியதரைக் கடற்பகுதியில் தோன்றிய உலர் மாக்கரோனியின் வரலாறு வேறு வழியில் வந்தது.

அந்த வழியைக் காட்டுபவர்கள் அரபு எழுத்தாளர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் தொகுத்த அகராதியில் 'இத்ரியா' என்ற சொல்லுக்கு, ரவையைப் பிசைந்து நூலாக்கிச் சமைக்குமுன் உலர்த்தி வைப்பது என்று பொருள் தரப்பட்டுள்ளது. 1154இல் அல் இத்ரீசி என்னும் புவியியல் அறிஞர் சிசிலித் தீவின் அரசர் இரண்டாம் ரோஜருக்காக ஒரு பெருநூலை எழுதி முடித்தார். பலெர்மோ நகரையடுத்த திராபியா என்ற ஊரில் இத்ரியா பெருமளவில் தயாராகிறது என்றும், கலாப்ரியாவுக்கும் முஸ்லிம், கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாகிறது என்றும் அதில் அவர் குறித்துள்ளார். ஆக, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இது வீட்டுப் பலகாரம் என்ற நிலையைத் தாண்டிக் கடல் வாணிபப் பொருளாகிவிட்டது. மாதக் கணக்கில் கெடாமல் இருந்ததே அதற்குக் காரணம்.

எந்தக் கோதுமை?

எல்லாக் கோதுமையும் இந்த வேலைக்கு ஏற்றதன்று. நாம் சப்பாத்திக்கும் ரொட்டிக்கும் பயன்படுத்தும் கோதுமையின் உயிரணுக்களில் 42 குரோமோசோம்கள் இருக்கின்றன. மாக்கரோனிக்கு உகந்த டூரம் கோதுமையில் 28 மட்டுமே. 'டூரம்' என்ற லத்தீன் சொல்லுக்கே 'கடினமானது' என்று பொருள். இதன் மணியை ஆலையில் இட்டால் மென்மாவாக எளிதில் பொடியாகாது. மணல் போன்ற ரவையாகவே உடையும். லூட்டீன் என்னும் நிறப்பொருள் இருப்பதால் அந்த ரவை இளமஞ்சளாகத் தோன்றும்.

டூரம் ரவையில் புரதம் மிகுதி. தண்ணீர் சேர்த்துப் பிசையும்போது அந்தப் புரதங்கள் இணைந்து குளூட்டன் என்னும் வலைபோன்ற அமைப்பை உண்டாக்குகின்றன. மாவுச்சத்தின் நுண்மணிகள் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்ளும். கொதிநீரில் வேகும்போது மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. வலை அவற்றைச் சிதறவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வலை வலுவாக இருந்தால் மாக்கரோனி உருக்குலையாமல் வேகும். வலுவில்லையேல் கூழாகிவிடும். நம் வீடுகளில் சில சேமியா உதிரியாக வேகிறது, சில குழைந்துவிடுகிறது அல்லவா? இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு அந்த வலையினுடையதே.

நேப்பிள்ஸ் நகரில் நடந்த மாற்றம்

இத்தாலியின் தென்பகுதியிலுள்ள நேப்பிள்ஸ், பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்று. அப்போது அது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அதுவரை அந்நகர மக்களுக்கு 'இலை தின்னிகள்' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. முட்டைக்கோசு போன்ற கீரைவகைகளும் இறைச்சியும் அவர்களுடைய முக்கிய உணவு. ஒரே பானையில் கோசையும் இறைச்சியையும் சேர்த்து வேகவைப்பது அவர்கள் வழக்கம்.

நகரம் பெருத்தது, சுற்றியுள்ள நாட்டுப்புறம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. இறைச்சி ஏழைகளுக்கு எட்டாத பொருளாயிற்று. உணவின் மீது வரிச்சுமையும் ஏறியது. 1647இல் பழங்களின் மீது போடப்பட்ட வரியே அங்கு ஒரு பெருங்கலகத்தைக் கிளப்பிவிட்டது. இந்தச் சூழ்நிலையில்தான் நேப்பிள்ஸ் மக்கள் மாக்கரோனிக்கு மாறினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்களுடைய பட்டப்பெயரும் மாறிவிட்டது: 'மாக்கரோனி தின்னிகள்'!

எமிலியோ செரேனி என்னும் இத்தாலிய வரலாற்றாசிரியர் 1958இல் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அவருடைய கருத்தின் சாரம் இதுதான். கோசுடன் சேர்ந்துவந்த இறைச்சி மறைந்தபோது உடலுக்குத் தேவையான புரதம் குறைந்தது. அந்தக் குறையைத் தானியப் புரதம் நிறைந்த மாக்கரோனியும் அதன்மேல் தூவிய பாலாடைக் கட்டியும் பெருமளவுக்கு ஈடுசெய்தன.

இன்றைய ஊட்டவியலும் இதற்கு இசைவாகவே பேசுகிறது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பாலாடைக் கட்டியிலும் இறைச்சியிலும் அது மிகுதி. ஆகவே மாக்கரோனியுடன் சிறிதளவு சேர்த்தாலே மொத்தப் புரதத்தின் தரம் உயர்ந்துவிடும். சோற்றுடன் பருப்பைச் சேர்த்து உண்ணும் நம் வழக்கமும் இதே தத்துவத்தில் அமைந்ததே. நேப்பிள்ஸ் ஏழைகளுக்கு லைசின் என்ற பெயர் தெரியாது. ஆனால் எதனுடன் எதைச் சேர்த்தால் உடம்பு தாங்கும் என்பது தெரிந்திருந்தது.

அச்சும் காற்றும்

மக்கள் விரும்பினால் மட்டும் போதுமா? மலிவாகவும் கிடைக்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் மாவு பிசையும் எந்திரமும் திருகு அச்சும் நேப்பிள்ஸ் பகுதியில் பரவின. நம் முறுக்கு அச்சையும் இடியாப்ப அச்சையும் எண்ணிக்கொள்ளுங்கள். அதே வகைக் கருவிதான், அளவில் மட்டும் பெரியது. துளைகளின் வடிவத்தை மாற்றினால் நூல், குழல், பட்டை என்று விதவிதமாக வரும்.

கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அச்சிலிருந்து வரும் மாவில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரம் இருக்கும். அதை 12 சதவீதம் அளவுக்குக் குறைத்தால்தான் பூஞ்சை பிடிக்காது. வேகமாக உலர்த்தினாலோ மேற்பரப்பு சுருங்கும். உள்ளே ஈரம் தங்கிவிடும். சில நாட்களில் வெடித்துவிடும். மெதுவாக உலர்த்தினால் புளித்துப்போகும். நேப்பிள்ஸ் அருகிலுள்ள கிராக்னானோ, தோர்ரே அனுன்சியாத்தா ஆகிய ஊர்க்காரர்கள் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். முதலில் வெயிலிலும் காற்றிலும் மேற்பரப்பைச் சற்றே உலர்த்துவார்கள். பிறகு குளிர்ந்த நிலவறையில் வைப்பார்கள். அங்கே உள்ளேயுள்ள ஈரம் மெல்ல வெளிப்புறத்திற்குக் கசிந்து எங்கும் சமமாகும். அதன் பின்னரே முழுமையாக உலர்த்துவார்கள். மலைக்காற்றும் கடற்காற்றும் மாறி மாறி வீசும் இடமாதலால் அது கைகூடியது. வீதியெங்கும் மூங்கில் கழிகளில் மாக்கரோனி துணிபோலத் தொங்குவதைப் பழைய புகைப்படங்களில் காணலாம். இந்த வேலைக்கு ஒரு வாரத்திற்கும் மேலாகலாம்.

1933இல் இத்தாலியைச் சேர்ந்த பிரைபாந்தி சகோதரர்கள் கலப்பது, பிசைவது, அச்சிடுவது ஆகிய மூன்றையும் இடைவிடாமல் செய்யும் எந்திரத்தை வெளியிட்டார்கள். உலர்த்தும் வேலையும் வெப்பக் கூடங்களுக்கு மாறியது. ஒரு வாரத்து வேலை சில மணி நேரத்தில் முடியலாயிற்று. உலகெங்கும் மாக்கரோனி மலிந்தது.

இதற்கிடையில் தக்காளியும் வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த தக்காளியை நெடுங்காலம் பலர் உண்ணவே தயங்கினார்கள். நேப்பிள்ஸில் 1690களில் வெளிவந்த அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில் தக்காளிக் குழம்பு இடம்பெற்றது. ஆனால் மாக்கரோனியுடன் தக்காளி கூடியது அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின்னர்தான். இன்று பிரிக்க முடியாத இணையாகத் தோன்றும் இவை இரண்டும் இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளாகத்தான் சேர்ந்திருக்கின்றன.

நம் நாட்டுக் கோதுமை செய்த உதவி

அமெரிக்காவுக்கு மாக்கரோனி செல்வர்களின் உணவாகவே முதலில் சென்றது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன், பிரான்சில் தூதராக இருந்தபோது மாக்கரோனி எந்திரத்தைப் படம் வரைந்து குறித்து வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லட்சக்கணக்கான இத்தாலியர் அங்கே குடியேறிய பிறகே அது பொதுமக்கள் உணவாயிற்று. ஆனால் அதற்கேற்ற டூரம் கோதுமை அங்கே அதிகம் விளையவில்லை.

மார்க் கார்ல்டன் என்னும் வேளாண்மை விஞ்ஞானி 1898இலும் 1900இலும் ருஷ்யாவின் வறண்ட புல்வெளிப் பகுதிகளுக்குச் சென்றார். வறட்சியையும் நோயையும் தாங்கும் குபாங்கா முதலிய டூரம் வகைகளைக் கொண்டுவந்தார். இவ்வளவு கடினமான மணியை எங்கள் ஆலையில் அரைக்க முடியாது என்று ஆலைக்காரர்கள் முதலில் மறுத்தார்கள். 1904இல் தண்டுத் துரு நோய் தாக்கி மற்றக் கோதுமைகள் அழிந்தபோது டூரம் பெரும்பாலும் தப்பி நின்றது. அதன் பிறகே அவருடைய பேச்சுக்கு மதிப்பு வந்தது. முதல் உலகப் போரில் இத்தாலிய இறக்குமதி தடைப்படவே, உள்நாட்டுக் கோதுமையைக் கொண்டே அங்கு ஆலைகள் பெருகின. இவ்வளவுக்கும் காரணமான கார்ல்டன், கடன் தொல்லைகளால் பதவியை இழந்து, 1925இல் பெரு நாட்டில் காலமானார்.

நோய்க் கிருமியும் சும்மா இருக்கவில்லை. 1950களில் '15பி' என்று குறிக்கப்படும் புதிய வகைத் துருப்பூஞ்சை வடக்கு டக்கோட்டா மாநில டூரம் வயல்களில் பரவியது. 1953இல் பாதிக்கு மேல் விளைச்சல் போயிற்று. 1954இல் முக்கால் பங்கு போயிற்று. மாக்கரோனி ஆலைகள் ரொட்டிக் கோதுமையைக் கலந்து ஒப்பேற்ற நேர்ந்தது.

அப்போது கைகொடுத்த மூலங்களுள் ஒன்று நம் நாட்டைச் சேர்ந்தது. 'கப்ளி' என்று மராட்டியப் பகுதியில் வழங்கும் எம்மர் வகைக் கோதுமை அது. நம் தமிழ்நாட்டில் சம்பா கோதுமை என்று சொல்லி ரவையாக உடைத்துக் கஞ்சியும் உப்புமாவும் செய்கிறோமே, அதே இனந்தான். எம்மரிலும் டூரத்தைப் போலவே 28 குரோமோசோம்கள். ஆகவே இரண்டையும் ஒட்டுச் சேர்ப்பது எளிது. கப்ளியின் நோய் எதிர்ப்பாற்றல் ஏற்றப்பட்ட லாங்டன் போன்ற டூரம் வகைகள் 1950களின் நடுவில் உழவர்களுக்குக் கிடைத்தன. வயல் மீண்டது. ஏதோ ஒரு மூலையில் குடியானவர்கள் விடாமல் விதைத்துவந்த பழைய தானியம், கடல் கடந்த ஒரு தொழிலைக் காப்பாற்றியது. பழைய விதைகளை ஏன் பேணவேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமா?

வறுமையும் போரும்

1930களில் பெருமந்தம் உலகை வாட்டியது. அமெரிக்காவில் 1937இல் கிராப்ட் கம்பெனியார் மாக்கரோனியும் பாலாடைக் கட்டித் தூளும் அடங்கிய பெட்டியை வெளியிட்டார்கள். நான்கு பேர் உண்ணக்கூடிய பெட்டியின் விலை 19 சென்ட். இரண்டாம் உலகப் போரில் இறைச்சிக்குப் பங்கீடு வந்தபோது அதன் விற்பனை இன்னும் பெருகியது.

ஒற்றைப் பாத்திரச் சமையலை அரசியலுக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 1933 அக்டோபர் முதல், ஜெர்மனியின் நாஜி அரசு குளிர்கால மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை 'ஒற்றைப் பானை ஞாயிறு' என்று அறிவித்தது. அன்று எல்லாரும் ஒரே பானையில் சமைத்த எளிய உணவையே உண்டு, மிச்சமான காசை அரசின் நிவாரண நிதிக்குத் தர வேண்டும். இது விருப்ப நன்கொடை என்றுதான் பெயர். ஆனால் வசூலிப்பவர்கள் வீடு வீடாக வந்து நின்றார்கள். உணவு விடுதிகளும் இதற்குத் தப்பவில்லை. ஏழையின் பானையைத் தன் சின்னமாக ஓர் அரசு எடுத்துக்கொண்ட கதை இது.

இனி நாம் தொடங்கிய பெட்டிக்குத் திரும்புவோம். 1970இல் அமெரிக்காவில் வேலைக்குச் செல்லும் அல்லது வேலை தேடும் பெண்கள் 100க்கு 43 பேர். மாலையில் களைத்து வந்து இரண்டு மணி நேரம் அடுப்படியில் நிற்க அவர்களால் இயலாது. இறைச்சி விலையும் ஏறிக்கொண்டே போயிற்று. 1973 மார்ச் இறுதியில் குடியரசுத் தலைவர் நிக்சன் இறைச்சிக்கு உச்சவிலை விதித்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் இல்லத்தரசிகள் நாடெங்கும் இறைச்சி வாங்க மறுத்துப் போராட்டம் நடத்தினார்கள். ஒரு பவுண்டு இறைச்சியை ஐவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 90 கிராம். அதை மாக்கரோனியுடன் சேர்த்தால் வயிறும் நிறையும், புரதமும் போதும். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் நேப்பிள்ஸ் ஏழைகள் செய்துகொண்ட அதே கணக்கு! அப்போது பாலாடைக் கட்டி. இப்போது அரைத்த இறைச்சி. அவ்வளவே வேறுபாடு.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

இத்தாலிய மரபுப்படி 100 கிராம் மாக்கரோனிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வேண்டும். வெந்தபின் தண்ணீரை வடித்துவிடுவார்கள். ஒற்றைப் பாத்திர முறையிலோ வடிப்பதே இல்லை. இரண்டரை மடங்கு தண்ணீரே போதும். எது சரி?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோ கலோரி வேண்டும். 400 கிராம் மாக்கரோனிக்கு மரபுப்படி 4 லிட்டர். அதை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரி செண்டிகிரேடுக்குக் கொதிக்கவைக்க 4 × 75 = 300 கிலோ கலோரி. ஒற்றைப் பாத்திர முறையில் ஒரு லிட்டர். 75 கிலோ கலோரி. மிச்சம் 225. அடுப்பு வெப்பத்தில் 60 சதவீதம்தான் பாத்திரத்தைச் சேரும் என்று கொண்டால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 34 கிராம் சமையல் எரிவாயு மீதமாகிறது. நாள்தோறும் சமைக்கும் வீட்டுக்கு மாதத்தில் ஒரு கிலோ!

மாவுச்சத்து வெந்து உப்புவதற்குத் தண்ணீர் வெள்ளமாக இருக்கத் தேவையில்லை. மாக்கரோனி உறிஞ்சும் அளவு இருந்தால் போதும். பொங்கிப் பொங்கிக் கொதிக்கவும் தேவையில்லை. எவ்வளவு தீயை ஏற்றினாலும் திறந்த பாத்திரத்தில் தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் வெப்பமெல்லாம் ஆவியாகப் போய்விடும். உணவு விஞ்ஞான எழுத்தாளர் ஹெரால்டு மெக்கீ 2009இல் குறைந்த நீரில், அதுவும் குளிர்ந்த நீரிலிருந்தே தொடங்கி மாக்கரோனி வேகவைத்துக் காட்டினார். 2022இல் உக்ரைன் போரை ஒட்டி ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியபோது, அதற்கு முந்தைய ஆண்டு பௌதிகத்திற்கான நோபல் பரிசு பெற்ற இத்தாலியர் ஜார்ஜோ பரிசி, கொதி வந்தபின் தீயை அணைத்து மூடிவைத்தாலும் மாக்கரோனி வேகும் என்று எடுத்துச் சொன்னார். இத்தாலியச் சமையற்கலைஞர்கள் சிலர் கொதித்தெழுந்தார்கள்! ஆனால் அவர் சொன்னதில் பௌதிகப் பிழை இல்லை. மாவுச்சத்து உப்பத் தொடங்குவது 60 டிகிரியை ஒட்டி. குளூட்டன் இறுகுவது 80 டிகிரியை ஒட்டி.

பெருமளவு தண்ணீருக்கு ஒரு நன்மை உண்டு. மாக்கரோனியிலிருந்து கசியும் மாவுச்சத்து நீர்த்துப்போவதால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. குறைந்த நீரில் வேகவைத்தால் முதல் சில நிமிடங்கள் கிளறிக்கொடுக்க வேண்டும். ஆனால் அந்த மாவுச்சத்தே குழம்பைக் கெட்டியாக்கித் தருகிறது. வடித்துக் கொட்டினால் இழப்பது அதைத்தான்.

சேமியா உப்புமா கிளறும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. வறுத்து, தாளித்து, காய்கறி வதக்கி, அளந்த தண்ணீர் ஊற்றி ஒரே வாணலியில் அவர்கள் செய்வதும் இதே முறைதான்.

செய்து பார்ப்போம்

நால்வருக்கு 200 கிராம் சிறு மாக்கரோனி, 250 கிராம் கொத்துக்கறி, ஒரு வெங்காயம், நான்கு பல் பூண்டு, ஒரு காரட், ஒரு கை பீன்ஸ், மூன்று தக்காளி, அரை லிட்டர் தண்ணீர் போதும். உப்பும் மிளகும் சுவைக்கேற்ப.

முதலில் எண்ணெயில் கொத்துக்கறியைப் பரப்பி, கிளறாமல் சிறிது நேரம் விடுங்கள். இறைச்சி பொன்னிறமாகி மணம் தருவதற்கு அதன் மேற்பரப்பு 140 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். தண்ணீர் ஊற்றிவிட்டால் அந்த வெப்பம் கிட்டாது. ஆகவே வதக்குவது முன், தண்ணீர் பின்.

கொத்துக்கறி ஏன்? ஒரு பொருளின் நடுவரை வெப்பம் பரவ ஆகும் நேரம், அதன் தடிமனின் இருபடியைப் பொறுத்தது. 4 செண்டிமீட்டர் துண்டுக்கு ஆகும் நேரத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே 4 மில்லிமீட்டர் துண்டுக்கு ஆகும். மேலும், கத்தியோ எந்திரமோ தசைநார்களை முன்பே அறுத்துவிடுவதால் மணிக்கணக்கில் வேகவைத்து மென்மையாக்க வேண்டியதில்லை.

அடுத்து வெங்காயம், பூண்டு, காரட், பீன்ஸ் ஆகியவற்றைச் சேர்த்து வதக்குங்கள். அவை பாதி வெந்தபின் தக்காளி. புளிப்பு, காய்கறியின் செல்சுவரிலுள்ள பெக்டின் கரைவதைத் தாமதப்படுத்தும். சாம்பாரில் காய் வெந்த பிறகே புளி கரைத்து ஊற்றுவது இதனால்தான். பிறகு மாக்கரோனி, உப்பு, தண்ணீர். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை அடி பிடிக்காமல் கிளறுங்கள். பன்னிரண்டு நிமிடத்தில் தண்ணீர் வற்றி, மாக்கரோனி பளபளவென்று குழம்பில் புரளும். மிளகு தூவி இறக்குங்கள். மொத்தம் அரை மணிக்குள் முடிந்துவிடும். இறைச்சி உண்ணாதவர்கள் ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலையைச் சேர்க்கலாம். லைசின் கணக்கு அதிலும் சரியாகவே வரும்.

பெட்டி இல்லாமல்

கடைசியாக ஒரு கேள்வி. வாணலிக்குள் நடக்கும் இந்த வேலைகளில் எதைச் செய்தது அந்த அட்டைப்பெட்டி? மாக்கரோனியை உலர்த்தக் கற்றவர்கள் மத்தியதரைக் கடலோர மக்கள். அதை மலிவாக்கியவர்கள் நேப்பிள்ஸ் தொழிலாளர்கள். கோதுமையைக் காத்தவர்கள் ருஷ்யாவிலும் இந்தியாவிலும் விதைகளைப் பேணிய உழவர்கள். வேகவைப்பது தண்ணீரும் வெப்பமும். பெட்டி தந்தது ஒரு கைப்பிடி மசாலாத்தூளும், அதில் வேண்டியதற்கு மேல் உப்பும், எப்படிச் செய்வது என்ற நான்கு வரிக் குறிப்பும்தான்.

அந்த நான்கு வரிகளை அற்பமென்று தள்ளவும் கூடாது. வேலை முடிந்து களைத்து வந்த ஒருத்திக்கு அரை மணியில் பிள்ளைகளின் பசியாற்ற வழி சொன்னவை அவை. 2022இல் ஜெனரல் மில்ஸ் அந்தப் பொருளை வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டது; பெட்டி இன்னும் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் எதனால் இறைச்சி முதலில், எதனால் தண்ணீர் குறைவாக, எதனால் தக்காளி பிறகு என்று காரணம் தெரிந்துகொண்டவர்களுக்குப் பெட்டி வேண்டியதில்லை. கையில் அகப்பட்ட காய்கறியும், வாங்க முடிந்த அளவு இறைச்சியோ கடலையோ, ஒரு பிடி உலர்ந்த மாக்கரோனியும் போதும். விலைவாசி ஏறும் காலத்தில் இந்த அறிவே அடுப்படிக்குப் பெரிய துணை.